அகழியும் பிளவும்: கடலடியை அளந்த கருவிகளும் அவை தந்த சொற்களும்

தமிழில் ஆழம் ‘பார்க்கப்படுகிறது’. கிணற்றின் ஆழமாயினும் கடலின் ஆழமாயினும், ஏன், ஒருவர் மனத்தின் ஆழமாயினும் அதற்கு வழங்கும் வினை ‘பார்’ என்பதே. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கோலாலோ கயிற்றாலோ அறியும் செயலுக்குக் காட்சி வினை வழங்குவது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் இச்செயலைக் குறிக்கும் சொல் ‘சவுண்டிங்’. ஒலியைக் குறிக்கும் ‘சவுண்ட்’ என்பதோடு இதற்கு வேர்த்தொடர்பு இல்லை. முன்னது பிரெஞ்சு மொழியில் ஆழம் பார்த்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. பின்னது ஒலியைக் குறிக்கும் இலத்தீன் பெயர்ச்சொல்லின் வழிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஒலியைக் கொண்டே ஆழம் பார்க்கும் கருவி தோன்றியபோது, தொடர்பற்ற இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் வந்து கூடின. ஜெர்மானியர் அதே கருவிக்கு ‘எக்கோலோட்’ எனப் பெயரிட்டனர். ‘லோட்’ என்பது கயிற்றின் நுனியில் கட்டப்படும் ஈயக்குண்டு. ஈயமும் கயிறும் போய்விட்ட பின்னரும் சொல்லில் ஈயம் நின்றுவிட்டது.

கடலடியை வரைபடமாக்கிய வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கருவிகள் ஒவ்வொன்றும் தமக்கேற்ற சொற்களைத் தோற்றுவித்தன என்பதும், அச்சொற்கள் பிற்காலக் கருவிகள் காட்டிய உண்மைக்கு முன்பே நிலைபெற்றுவிட்டன என்பதும் மொழியியலாரின் கவனத்திற்கு உரியவை. இச்சொற்களைத் தமிழாக்குவோர் ஆங்கிலச் சொல்லின் பொருளை மட்டும் அறிந்தால் போதாது. அச்சொல் பிறந்தபோது கருவி எதை அறிந்தது, எதை அறியவில்லை என்பதையும் அறிய வேண்டியுள்ளது. இதற்குச் சிறந்த சான்றாக ‘பிளவுப் பள்ளத்தாக்கு’, ‘அகழி’ என்னும் இரு சொற்கள் அமைகின்றன.

ஈயக்குண்டின் காலம்

ஈயக்குண்டு ஒரு நேரத்தில் ஓர் இடத்தின் ஆழத்தை மட்டுமே தரும். ஆங்கில மாலுமிகள் அதனைக் கையளவில் கணக்கிட்டனர். ‘ஃபேதம்’ என்னும் அலகு இரு கைகளையும் விரித்த நீளம். ஆறு அடியாக வரையறுக்கப்பட்டது. தமிழ் மீனவர் வழக்கில் இதற்கு நிகரானது ‘பாகம்’. கயிற்றை இழுத்து இரு கைக்கும் இடையே விரித்து எண்ணும் முறையும் அதுவே. இருமொழிகளிலும் மனித உடலே அளவுகோலாக நின்றது. (எழுத்துத் தமிழில் ‘பாகம்’ பகுதி என்னும் பொருளில் வழங்குவதால், ‘இருபது பாகம்’ என்னும் மீனவர் கூற்றை எழுத்தில் பெயர்ப்பவர் எளிதில் இடறிவிடக்கூடும்.)

அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மேத்யூ ஃபான்டெய்ன் மோரி 1854-இல் வட அட்லாண்டிக் கடலடியின் வரைபடத்தை வெளியிட்டார். அதற்கு அடிப்படையாக அமைந்தவை ஏறத்தாழ 200 ஆழ அளவுகள். பெருங்கடல் ஒன்றுக்கு இருநூறு புள்ளிகள் என்பது எத்துணைச் சிறிய எண் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடைப்பட்ட பகுதிக்குத் ‘தந்தி மேட்டுநிலம்’ எனப் பொருள்படும் பெயர் அப்போதே வழங்கலாயிற்று. கடலடித் தந்திக் கம்பியைப் படுக்கவைக்க ஏற்ற சமநிலம் என்னும் நம்பிக்கை அப்பெயரில் பொதிந்திருந்தது. அளந்த புள்ளிகள் தொலைவாக அமைந்தமையால் இடைப்பட்டவை தெரியவில்லை. தெரியாத இடம் சமமாகத் தோன்றிற்று. அறியாமை ‘மேட்டுநிலம்’ என்னும் பெயர் பெற்றது எனலாம்.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் 492 இடங்களில் ஆழ்கடல் அளவு எடுத்தது. 1875 மார்ச்சில் மரியானாத் தீவுகளுக்கு அருகில் 4,475 ஃபேதம் ஆழம் பதிவாயிற்று. சாலஞ்சர் முடிவுகளைத் தொகுத்த ஜான் மர்ரி, 3,000 ஃபேதத்திற்கு மேற்பட்ட ஆழமுள்ள இடங்களை ‘டீப்’ என்னும் பெயர்ச்சொல்லால் குறித்தார். தமிழ்ப் பாடநூல்களில் இது ‘மடு’ என வழங்குகிறது. ஆற்றில் நீர் தேங்கி ஆழ்ந்த இடத்திற்கு வழங்கிய சொல்லைக் கடலுக்கு விரித்தமை பொருத்தமான ஆக்கமே. மர்ரியின் சொல் எண்ணால் வரையறுக்கப்பட்டது, வடிவால் அன்று என்பது இங்குக் கருதத்தக்கது. அவ்விடம் வட்டமானதா, நீண்டதா, செங்குத்தானதா என்பதை ஈயக்குண்டு சொல்லாது. ஆகவே சொல்லும் சொல்லவில்லை.

1899-இல் பெர்லினில் கூடிய பன்னாட்டுப் புவியியல் மாநாடு கடலடிப் பெயர்களை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தது. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் அக்குழு 1903-இல் பெருங்கடல் ஆழங்களின் பொது வரைபடத்தைத் தொடங்கியது. அதன் முதற் பதிப்பு 24 தாள்களில் அமைந்தது. அதில் இடம்பெற்ற ஆழ அளவுகள் ஏறத்தாழ 18,400. உலகின் எல்லாக் கடல்களுக்கும் சேர்த்தே இவ்வளவுதான். அளவுகள் போதிய அளவு வரும் முன்பே சொற்களைத் தரப்படுத்தும் முயற்சி தொடங்கிவிட்டதை இவ்வரலாறு காட்டுகிறது.

எதிரொலி

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து, பனிப்பாறையை எதிரொலியால் அறியும் முயற்சிகள் பல நாடுகளில் முனைப்புப் பெற்றன. ஜெர்மனியில் அலெக்சாண்டர் பேம் 1913-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ரெஜினால்ட் ஃபெசண்டன் 1914 ஏப்ரலில் மயாமி என்னும் கப்பலிலிருந்து பனிப்பாறையின் எதிரொலியைக் கேட்டார். அச்சோதனையில் கடலடியின் எதிரொலியும் கேட்டது. தேடியது பனிப்பாறை, கிடைத்தது கடலடி. முதல் உலகப் போரில் பால் லாஞ்ஜவான் படிகக்கல்லைக் கொண்டு மீயொலியை எழுப்பும் முறையைப் பிரான்சில் உருவாக்கினார். 1922-இல் அமெரிக்கக் கடற்படையின் ஸ்டீவர்ட் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்கையில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் 900 ஆழ்கடல் அளவுகளை எடுத்தது. சாலஞ்சர் மூன்றரை ஆண்டுகளில் எடுத்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அது.

ஜெர்மானிய ஆய்வுக் கப்பலான மீட்டியார் 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் மறுக்குமாகக் கடந்து 67,000-க்கும் மேற்பட்ட எதிரொலி அளவுகளைத் தந்தது. இப்பயணத்திற்குப் பின்னால் வேதியியலார் ஃபிரிட்ஸ் ஹாபரின் கனவு ஒன்றும் இருந்தது. கடல்நீரிலிருந்து பொன்னைப் பிரித்து ஜெர்மனியின் போர்க்கடனை அடைப்பது அது. பொன் கிடைக்கவில்லை. (மராத்தியில் ‘சோனார்’ என்றால் பொற்கொல்லர் என்பதை அறிந்தோர்க்கு இச்செய்தி தனிச்சுவை தரும்.)

‘சோனார்’ என்னும் சொல்லின் பிறப்பும் மொழியியல் நோக்கில் சுவையானதே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிக் ஹன்ட், ‘ராடார்’ என்னும் சொல்லின் ஓசையை ஒட்டி இதனைப் படைத்தார். ஒலி, வழிகாணல், தொலைவறிதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்னும் விரிவு பின்னர்ப் பொருத்தப்பட்டது. பிரித்தானியர் வழங்கிய ‘ஆஸ்டிக்’ என்னும் சொல்லின் கதை இதனினும் வியப்பானது. 1939-இல் அதன் பொருளை ஆக்ஸ்போர்டு அகராதியார் வினவியபோது, நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்கான நேச நாட்டு ஆய்வுக் குழு ஒன்றின் பெயர்ச் சுருக்கம் என்று கடற்படைத் தலைமையகம் விடையளித்தது. அத்தகைய குழு இருந்ததற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை. எழுத்துச் சுருக்கங்களை விரித்துப் பொருள் கண்டு அவ்விரிவையே தமிழாக்கும் பழக்கம் கலைச்சொல்லாக்கத்தில் உண்டு. இவ்விரு சொற்களைப் பொறுத்தவரை அப்பழக்கம் பிற்காலப் புனைவையே மூலப்பொருளாகக் கொள்ளும் பிழைக்கு இடமளிக்கும். ‘சோனார்’ என ஒலிபெயர்த்துக் கொள்வதே வரலாற்றுக்கும் நேர்மையானது.

எதிரொலிக் கருவி உண்மையில் அளப்பது ஆழத்தை அன்று; காலத்தை. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரைவில் செல்லும். 4,000 மீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி மீளச் சற்றேறக்குறைய 5.3 நொடி ஆகும். நீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒலியின் விரைவு மாறும். விரைவில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை நேர்ந்தால் ஆழத்தில் 40 மீட்டர் பிழை நேரும். ‘ஆழமானி’ என்னும் தமிழ்ப் பெயர் இவ்வகையில் கருவிக்குச் சற்று மிகையான புகழைத் தருகிறது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. தொடக்கக் கருவிகளின் ஒலி குறுகிய கதிராக இறங்கவில்லை, கூம்பாக விரிந்தது. முப்பது பாகை விரியும் கூம்பு 4,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள வட்டத்தைத் தொடும். அவ்வட்டத்துள் கப்பலுக்கு மிக அருகில் எது உள்ளதோ அதன் எதிரொலியே முதலில் வந்து சேரும். நேர் கீழே பள்ளம் இருப்பினும் பக்கத்து மலையின் குரலே முன்னர்க் கேட்கும். ஆகவே கருவி மலைகளை அகலமாக்கியும் பள்ளங்களைக் குறுக்கியும் காட்டிற்று. இந்நிலையில் ஒரு பள்ளம் தாளில் தெளிவாகப் பதிந்தால், உண்மையில் அது காட்டப்பட்டதைவிடப் பெரியதாகவே இருத்தல் வேண்டும்.

பிளவு

அத்தகைய பள்ளம் ஒன்றைப் பற்றிய முக்கியமான பதிவு அரபிக்கடலில் நிகழ்ந்தது. டேனிஷ் ஆய்வுக் கப்பலான டானா 1928 முதல் 1930 வரை மேற்கொண்ட பயணத்தில் அரபிக்கடலின் அடியில் நீண்ட முகடு ஒன்று அறியப்பட்டது. பயணச் செலவை ஏற்ற அறக்கட்டளையின் பெயரால் அது கார்ல்ஸ்பர்க் முகடு எனப்பட்டது. பின்னர் 1933–34-இல், எகிப்திய அரசின் மபாஹிஸ் கப்பலில் ஜான் மர்ரி பெயரிலான ஆய்வுக்குழு அங்குச் சென்றது. அதன் தலைவர் சீமோர் சூவெல், இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்தவர். கப்பலின் எதிரொலிக் கருவி முகட்டின் மேற்பகுதியில் நீண்ட ஆழமான பள்ளம் ஒன்றைக் காட்டியது. 1937-இல் வைஸ்மனும் சூவெலும் எழுதிய கட்டுரையில் இம்முகடும் பள்ளமும் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கோடு ஒப்பிடப்பட்டன. ‘பிளவு’ என்னும் கருத்து கடலடிக்கு வந்த தொடக்க நிகழ்வுகளுள் இது ஒன்று. எனினும் அது ஒரு கடலின் செய்தியாகவே நின்றுவிட்டது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் நியூயார்க்கை அடுத்த லாமாண்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப் அதே வடிவை அட்லாண்டிக்கில் கண்டார். 1920-இல் பிறந்த தார்ப் முதலில் ஆங்கிலத்திலும் இசையிலும் பட்டம் பெற்றவர். பின்னரே நிலவியலும் கணிதமும் கற்றார். பெண்கள் ஆய்வுக் கப்பலில் ஏறுவதற்கு அக்காலத்தில் இசைவில்லை. கப்பலில் சென்ற புரூஸ் ஹீசனும் பிறரும் கொணர்ந்த எதிரொலி அளவுகளைக் கரையில் இருந்தபடி தார்ப் தாளில் வரைந்தார். 1952-இல் வட அட்லாண்டிக்கைக் கடக்கும் ஆறு குறுக்குவெட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து நோக்கினார். மலைகள் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது ஒன்றே: முகட்டின் நடுவே V வடிவில் அமைந்த வெட்டு. அதனைப் பிளவுப் பள்ளத்தாக்கு எனத் தார்ப் கொண்டார்.

ஹீசன் ஏற்கவில்லை, பெண்பிள்ளைப் பேச்சு என ஒதுக்கினார். இம்மறுப்பை ஆண் ஒருவரின் இறுமாப்பு என்று மட்டும் கொள்வது போதாது. மறுப்புக்கு உள்ளானது படம் அன்று, சொல். ‘பள்ளம்’ எனில் எவரும் எதிர்த்திரார். ‘பிளவு’ என்னும் சொல் நிலம் இருபுறமும் விலகுகிறது என்னும் கருத்தை உடன்கொண்டு வந்தது. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கை அந்நாளில் அமெரிக்க நிலவியலாரிடையே நகைப்புக்குரியதாக இருந்தது. அதே ஆய்வகத்தில் ஹோவர்ட் ஃபாஸ்டர் நிலநடுக்க மையங்களைத் தார்ப்பின் படத்தோடு ஒத்த அளவில் குறித்து வந்தார். இரு படங்களையும் ஒளிமேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நடுக்க மையங்கள் அவ்வெட்டின் வழியே வரிசையாக விழுந்தன. அதன் பின்னரே ஹீசன் இசைந்தார். 1959-இல் ஜாக் கூஸ்தோ, கப்பலில் கட்டி இழுத்த படக்கருவியால் அப்பள்ளத்தாக்கைப் படமெடுத்து நியூயார்க் மாநாட்டில் காட்டினார். கடலடி விரிவு என்னும் தொடரை ராபர்ட் டீட்ஸ் 1961-இல்தான் ஆக்கினார். கொள்கைக்கு முன்பே சொல் வந்து காத்திருந்தது.

தார்ப்–ஹீசன் வரைபடங்களின் தோற்றத்திற்கும் ஒரு காரணம் உண்டு. பனிப்போர்க் காலத்தில் துல்லியமான சம ஆழக் கோடுகளை வெளியிட அமெரிக்க அரசு தடை விதித்திருந்தது. எனவே கடல்நீரை வடித்துவிட்டு வானிலிருந்து நோக்கினாற்போல் மலைகளையும் பள்ளங்களையும் கோட்டோவியமாக வரையும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். 1957-இல் வட அட்லாண்டிக் படம் வெளிவந்தது. 1964-இல் இந்தியப் பெருங்கடல் படம் வெளிவந்தது. குறுக்குவெட்டுகளில் செங்குத்து அளவு நாற்பது மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது. அளவே இல்லாத பகுதி ஒன்றின்மேல் விளக்கக் கட்டத்தை அச்சிட்டு வெற்றிடத்தை மறைத்ததாகத் தார்ப் பின்னாளில் தாமே கூறியுள்ளார். பாடநூல்களில் இன்றும் காணப்படும் ‘செங்குத்தான’, ‘கரடுமுரடான’ போன்ற அடைமொழிகள் சில அந்நாற்பது மடங்கிலிருந்து வந்தவையோ என ஐயுற இடமுண்டு.

அகழி

இனி மொழிபெயர்ப்பின் இடர். ‘டிரெஞ்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ‘கிராபன்’ என்னும் ஜெர்மானியச் சொல்லும் மனிதர் தோண்டிய பள்ளத்தைக் குறித்துப் பின்னர்க் கடலடிக்கு வந்தவை. தமிழின் ‘அகழி’யும் அகழ்தல் என்னும் வினையடியாகப் பிறந்து, கோட்டையைச் சுற்றிய நீர்ப்பள்ளத்தைக் குறித்த சொல்லே. ஈயக்குண்டின் காலத்து ‘மடு’ எண்ணைக் குறித்தது; எதிரொலி குறுக்குவெட்டைக் காட்டத் தொடங்கிய பின்னர் வடிவைக் குறிக்கும் ‘அகழி’ தேவைப்பட்டது. இதனால் மரியானா அகழிக்குள் சாலஞ்சர் மடு என இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன.

ஆனால் ஜெர்மனில் ‘கிராபன்’ இரு வேறு நிலவடிவங்களைக் குறிக்கும். மரியானா அகழியும் ‘கிராபன்’; முகட்டின் நடுவேயுள்ள பிளவுப் பள்ளத்தாக்கும் ‘கிராபன்’. ஆங்கிலம் முன்னதற்கு ‘டிரெஞ்ச்’ என்பதை வைத்துக்கொண்டு, ‘கிராபன்’ என்பதைப் பிளவினால் தாழ்ந்த நிலத்திற்கு மட்டும் கடன்வாங்கிற்று. தமிழாக்குவோர் வடிவ ஒற்றுமை கருதி இரண்டையும் ‘அகழி’ எனின் விளைவு சிறியதன்று. பிளவுப் பள்ளத்தாக்கு கடலடித் தரை புதிதாகப் பிறக்கும் இடம். ஆழ்கடல் அகழி அத்தரை மற்றொரு தட்டின்கீழ் இறங்கி மறையும் இடம். பிறப்பிடத்துக்கும் மறைவிடத்துக்கும் ஒரே பெயர் சூட்டுவதாக அது முடியும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இராது. படிப்பவர் ஐயுறவும் மாட்டார். கலைச்சொல் பிழைகளுள் கொடியது இத்தகையதே.

‘ரிட்ஜ்’, ‘ரைஸ்’ ஆகியவற்றின் நிலையும் இத்தன்மையதே. பாடநூல்கள் இரண்டையும் பெரும்பாலும் ‘மலைத்தொடர்’ என்பதில் அடக்கிவிடுகின்றன. நடு அட்லாண்டிக்கில் தட்டுகள் மெல்ல விலகுகின்றன. முகடு கரடுமுரடாய், நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கோடு உள்ளது. கிழக்குப் பசிபிக்கில் அவை விரைந்து விலகுகின்றன. அங்கு நில எழுச்சி மென்மையானது, ஆழ்ந்த பள்ளத்தாக்கும் இல்லை. முன்னதற்கு ‘முகடு’ என்றும் பின்னதற்கு ‘எழுச்சி’ என்றும் வேறுபடுத்துவது நன்று. கூரையின் உச்சியைக் குறிக்கும் ‘முகடு’ என்பதில் பள்ளத்தாக்கு எவ்வாறு அமையும் என்னும் வினா எழலாம். அம்முரண் ஆங்கிலத்திலும் உள்ளது; தமிழ் அதனைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

பரப்பும் பெயரும்

1977-இல் பிரெஞ்சுக் கப்பலான ழான் ஷார்கோவில் பொருத்தப்பட்ட கருவி, ஒரே கூம்புக்கு மாறாகப் பதினாறு குறுங்கதிர்களைப் பக்கவாட்டில் விரித்தது. கப்பல் செல்லும் வழியில் கோடு போய்ப் பட்டை வந்தது. கதிர் ஒரு பாகை அளவாகக் குறுகும்போது 4,000 மீட்டர் ஆழத்தில் அது தொடும் இடம் ஏறத்தாழ 70 மீட்டர். இவ்வாறு அளந்த பரப்பு இன்னும் குறைவே. 2030-க்குள் கடலடி முழுவதையும் வரைபடமாக்கும் பன்னாட்டுத் திட்டம் 2017-இல் அறிவிக்கப்பட்டபோது அது நூற்றுக்கு 6 அளவில் இருந்தது, 2024-இல் 26.1 ஆயிற்று. எஞ்சிய பகுதியைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழி மதிப்பீடே நிரப்புகிறது.

பெயர்களின் எண்ணிக்கை பெருகுவதும் இதன் விளைவே. இந்தியா 1983-இல் பெற்ற சாகர் கன்யா ஆய்வுக் கப்பலின் பெயர் கடல்மலை ஒன்றுக்கு 1991-இல் ஏற்கப்பட்டது. சி. வி. ராமன், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் என். கே. பணிக்கர், நிலவியலார் டி. என். வாடியா ஆகியோரின் பெயர்கள் 1992, 1993-இல் இடம்பெற்றன. அசோகர், சந்திரகுப்தர், கற்பகத்தரு ஆகிய பெயர்கள் 2024-இல் ஏற்கப்பட்டன. இப்பெயர்கள் யாவும் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என இரு பகுதியின. சிறப்புக்கூறு ஒலிபெயர்ப்புக்கும் பொதுக்கூறு மொழிபெயர்ப்புக்கும் உரியவை என்பது பொது நெறி. ‘பணிக்கர் கடல்மலை’ இந்நெறியில் இயல்பாக அமைகிறது. ‘வாடியா கீயோ’ அமைவதில்லை. ஹாரி ஹெஸ் இரண்டாம் உலகப் போரின்போது கப்பலின் எதிரொலிக் கருவியால் கண்ட தட்டையுச்சிக் கடல்மலைகளுக்கு, ஆர்னால்ட் கீயோ என்னும் புவியியலாரின் பெயரை 1946-இல் சூட்டினார். இங்குப் பொதுக்கூறே ஓர் ஆட்பெயர். ‘வாடியா தட்டைமலை’ எனின் பொருள் விளங்கும்; ஹெஸ் சூட்டிய பெயர் மறையும். விளங்குவதையே தேர்தல் தகும் என்று தோன்றுகிறது. தொண்ணூறாம் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளும் முகட்டில் சிறப்புக்கூறே ஒரு முகவரி. அதனை ஒலிபெயர்த்தல் வீண். ‘தொண்ணூறு கிழக்கு முகடு’ என்பது தொண்ணூறு முகடுகளோ என மயங்கவைக்கும். ‘தொண்ணூறாம் பாகை முகடு’ அம்மயக்கத்தை நீக்கும்.

ஆழம் குறைந்த கடலில் நிலை வேறு. மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளைத் தமிழர் ‘பார்’ என்றனர். ஆங்கில ஆட்சிக்கால ஆவணங்கள் தொலையிரம் பார் போன்ற பெயர்களை அப்படியே எழுதி, பொதுச்சொல்லாக ‘பேங்க்’ என்பதை வழங்கின. பன்னாட்டுப் பெயரீட்டு நெறிகளும் பெரும்பாலும் 200 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் எழும் நிலத்தையே ‘பேங்க்’ என வரையறுக்கின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு அன்று சென்ற வழியில் இன்று திரும்பி வருவதற்குத் தடையில்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்கை ‘வாட்ஜ் பார்’ எனலாம். கயிறும் மூழ்குநரும் எட்டிய ஆழம் வரை தமிழுக்குச் சொந்தச் சொல் உண்டு. கண்டத்திட்டைத் தாண்டிய ஆழத்திற்கான சொற்கள் எதிரொலி கேட்ட பின்னரே ஆக்கப்பட்டவை.